மகள் நடத்திய போட்டிக்கு நான் சொன்ன தீர்ப்பு

கடைசி ஓட்டம் முடிந்து வெகுநேரமாகியும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

கூடாரத்துக்குள் நீளமான மரமேசைகள். மேசை நிறையப் பியர் கிளாஸ்கள். ஓடுபாதையிலிருந்து பறந்து வந்த கல்தூள் ஒவ்வொரு கிளாசின் நுரையிலும் மிளகுத்தூள் போலப் படிந்திருந்தது. ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெள்ளையாகவும் மற்றபடி முகமெல்லாம் மண்ணாகவும் இருந்த மனிதர்கள், ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல போட்டி எண்டு சொல்லு, ஒத்துக்கொள்ளுறன். பெரிய போட்டி எண்டு சொல்லாதை," என்றார் குன்ரர். குழாய்த் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர். எந்தப் போட்டியையும் எடுத்த எடுப்பில் பாராட்டியது கிடையாது.

"கடைசியா வந்துகொண்டிருந்தவன் வெளிப்பக்கத்தால போய் முதலாவதா வந்தான். அதைப் பாத்தனி தானே. இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்றாள் பிர்கிற். ரசிகர்களின் தலைவி.

"பாதை சீவுற ரக்ரர் அரை மணித்தியாலம் சுத்தினதையும் பாத்தனான். அதுக்கும் சேத்துத்தான் ரிக்கற் எடுத்தனான்."

அவர்கள் பேசியது ஜேர்மன். எங்கள் பேச்சில் எழுதுகிறேன். ஜேர்மனியின் ரூர்ப் பகுதிக்காரர் பேசுகிற அந்த இழுவைக்கும் எங்களுடைய பேச்சுக்கும் ஏதோ ஒரு உறவு இருப்பதாக எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

போட்டியை நடத்தியவள் என் மகள் துளசி. அடுத்த வருடம் அது இங்கேயே நடக்குமா, அல்லது பெரிய மைதானமுள்ள வேறோர் ஊருக்குப் போய்விடுமா என்பது அந்த மேசையில் அன்றைக்கு முடிவாக இருந்தது. அவள் கூடாரத்தில் இல்லை. மைதானத்தில் தண்ணீர் வண்டியை அனுப்பிவைத்துக்கொண்டிருந்தாள்.

நான் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு என் முறைக்காகக் காத்திருந்தேன். இதே மேசையில் என் வாயால் அவளுக்கு ஏற்கெனவே ஒரு கெடுதி நடந்திருந்தது.

பிரேக் இல்லாத வண்டி

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் சிலர், வயதான தமிழருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டியில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். என் மனைவி புவனாவும் பல வருடங்களாக அதைத்தான் கேட்கிறாள்.

ஸ்பீட்வே என்பது எளிமையான விளையாட்டு. முட்டை வடிவ மண்பாதை. நாலு பேர், நாலு சுற்று, எப்போதும் இடப்பக்கம் மட்டுமே திரும்புவார்கள். வண்டிக்கு ஒரே கியர். பிரேக் இல்லை. வளைவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, இரும்புச் சப்பாத்துப் போட்ட இடக்காலை நிலத்தில் தேய்த்துக்கொண்டு, பக்கவாட்டில் போவார்கள். ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு ரக்ரர் வந்து பாதையைச் சீவும். தண்ணீர் வண்டி வரும். மறுபடி நாலு பேர்.

என்னை முதன்முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போனவர் குன்ரர். நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவன். இங்கே அகதியாக வந்து, குழாய்களை அடுக்கும் வேலையில் இருந்தேன். ஜேர்மன் வாயில் வராத காலம். வேலைத்தலத்தில் சிரிப்பொலி கேட்டால், என்னைப் பற்றித்தானோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

வேலியோரம் நின்றபோது முதலில் வந்தது வாசனை. எரிந்த ஆமணக்கெண்ணெய். சின்ன வயதில் பேதிக்குக் கொடுப்பார்களே, அதே எண்ணெய்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கிய சாமானை இங்கே இயந்திரத்துக்கு ஊற்றி, அந்தப் புகையை ஆனந்தமாக இழுத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நாலு இயந்திரங்களும் உறுமத் தொடங்கின. அந்தச் சத்தத்தில் யாராலும் யாரோடும் பேச ஏலாது. இந்த நாட்டுக்கு வந்தபிறகு மொழி தெரியாதது ஒரு குறையாகத் தெரியாமல் நான் ஒரு கூட்டத்தில் நின்றது அன்றைக்குத்தான்.

ஓட்டம் முடிந்ததும் எல்லாரும் பேசினார்கள். பேசினார்கள் என்றால், குறை சொன்னார்கள். பாதை சரியில்லை, தொடக்கம் சரியில்லை, நடுவர் குருடன். ஒவ்வொரு கிழமையும் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் ஜேர்மன் படித்தேன். அதனால்தானோ என்னவோ, அந்த மொழியில் குறைசொல்லும் சொற்கள் எனக்கு இன்றைக்கும் தடங்காமல் வரும். பாராட்டுகிற சொற்களைத் தேட வேண்டும்.

துளசி இந்த மைதானத்தில் வளர்ந்தவள். இயந்திரவியல் படித்தாள். வேலைக்குப் போனபிறகும் இங்கே போட்டிகளை நடத்துகிற சங்கத்தை விடவில்லை. ஒரு கட்டத்தில் போட்டி நடத்தும் பொறுப்பை அவளிடமே கொடுத்தார்கள். உள்ளூர்ப் பையன்கள் ஓடிக்கொண்டிருந்த பெந்தெகொஸ்து விடுமுறைப் போட்டியை, வெளிநாட்டு வீரர்களும் வந்து ஓடுகிற பெரிய போட்டியாக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவோடு மல்லுக்கட்டி, செய்தும் காட்டினாள்.

ரசிகர் மேசை

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய போட்டி முடிந்தால் பழைய ரசிகர்கள் ஒரு மேசையில் கூடுவார்கள். ஆளுக்கொரு முறை பேசலாம். போட்டி தரமானதா, எடுத்த ரிக்கற்றுக்குத் தகுமா என்று வாதாடுவார்கள். கடைசியில் பிர்கிற், "இது பெரிய போட்டியோ?" என்று கேட்பாள். ஆம் என்கிறவர்கள் விரல் முட்டியால் மேசையில் தட்ட வேண்டும். இந்த நாட்டில் கை தட்டுவதற்குப் பதில் பல இடங்களில் அப்படித்தான்.

சட்டப்படி அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. ஆனால் பக்கத்து மேசையில் நிர்வாகக் குழு காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும். மேசை தட்டாத போட்டியை அவர்கள் தொடர்ந்து நடத்தியதாக எனக்கு நினைவில்லை.

கிழங்குக் கதை

போன வருடம், துளசியின் முதலாவது பெரிய போட்டி. முதல்நாள் மழையில் பாதை ஊறிக் கனத்துக் கிடந்தது. முற்பாதியில், தொடக்கத்தில் முந்தியவனே கடைசிவரை முந்தினான். பிறகு வெயில் வந்து, பாதை இறுகி, சில அருமையான ஓட்டங்கள் நடந்தன. மொத்தத்தில் நல்ல போட்டி. அது எனக்கு அப்போதே தெரியும்.

மேசையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் துளசியைப் புகழ்ந்தார்கள். குன்ரர்கூட என் பக்கம் திரும்பி, "உன்ர மகள் கெட்டிக்காரி, சிவா," என்றார்.

எங்கள் ஆட்களில் ஒரு தகப்பனிடம் நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான் என்று வாசகர்களுக்குத் தெரியும். கழிப்பான். பிள்ளை மருத்துவம் படிக்கிறாளாமே என்றால், "ஏதோ படிக்கிறாள், முடிச்சால்தானே" என்பான். நல்லாப் பாடினாளே என்றால், "இண்டைக்குச் சுருதி சேரேல்லை" என்பான். பெற்றவர் வாயாலேயே நாவூறு பட்டுவிடும் என்ற பயம் பாதி. சொந்தப் பிள்ளையைத் தானே மெச்சுகிறான் என்று சபை நினைக்கும் என்ற கூச்சம் பாதி. கேட்கிறவரும் எங்கள் ஆளாக இருந்தால், நாம் கழித்ததை அவரே திரும்பக் கூட்டிக்கொள்வார்.

அந்த மேசையில் கூட்டிக்கொள்ள ஒருவரும் இருக்கவில்லை.

"பெரிய போட்டி எண்டு சொல்லக்கூடாது. செய்ய வேண்டியது இன்னும் கனக்கக் கிடக்கு," என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் பழியை எங்கள் வழக்கத்தின் மேல் போட்டுவிட்டு நான் தப்பலாம். நிறுத்தவில்லை.

"உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குள்ள மோட்டார் சைக்கிள் விட்ட மாதிரிக் கிடந்தது. ரிக்கற்றுக்கு ஆளுக்கொரு பை கிழங்காவது தந்திருக்கலாம்."

மேசை அதிரச் சிரித்தார்கள். நான் ஜேர்மனில் சொன்ன ஒரு பகிடிக்கு அவ்வளவு பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. என் பிள்ளையின் ஒரு வருட உழைப்பைக் கொடுத்து அதை வாங்கினேன் என்பது பிறகுதான் உறைத்தது.

பிர்கிற் சிரிக்கவில்லை. "அவளின்ர தகப்பனே இப்பிடிச் சொல்லுறார் எண்டால், நாங்கள் பாத்ததை விட மோசமாத்தான் இருந்திருக்கும்," என்றாள்.

மேசையில் தட்டியவர்கள் சிலர்தான். குன்ரர் தட்டவில்லை. நிர்வாகக் குழு, இன்னும் ஒரு வருடம் பார்ப்போம், சரிவராவிட்டால் போட்டியை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று முடிவெடுத்தது. கொடுத்தால் நடத்தப்போவது துளசி அல்ல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள்.

"அப்பா, மேசையில கிழங்குக் கதை சொன்னனீங்களாம்."

"பகிடிக்குச் சொன்னது பிள்ளை."

"உண்மையா அப்பிடித்தான் நினைச்சனீங்களோ?"

"சீ, இல்லை. நல்லாத்தான் இருந்தது. சபையில என்னெண்டு சொந்தப் பிள்ளையைப் புகழுறது?"

"புகழச் சொல்லேல்லை. பாத்ததைச் சொல்லியிருக்கலாம்."

அவள் கோபிக்கவில்லை. அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள், சாப்பிட்டாள். முன்பென்றால் உப்புப் போத்தலையும் கரண்டிகளையும் மேசையில் வளைத்து வைத்து, யார் எந்த வளைவில் எப்படி முந்தினான் என்று எனக்குக் காட்டுவாள். அது நின்றுபோனது. என்னுடைய பிரஷர் மாத்திரையைப் பற்றி விசாரிப்பாள். வெளியே குளிரா என்று நான் கேட்பேன். உப்புப் போத்தல் உப்புப் போத்தலாகவே இருந்தது.

அந்த ஒரு வருடத்தில் எந்த நாளும் பிர்கிற்றிடம் போய் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம். படித்தவன், வயதானவன், பகிடிக்காக வாய்விட்டேன் என்று எப்படிப் போய்ச் சொல்வது என்று நாளைக் கடத்தினேன்.

விசில் சத்தம்

இந்த வருடம் போட்டியன்று காலை, புவனா தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரில் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு அந்த மேசையில என்ன சொல்லப் போறியள்?"

"பாத்ததைச் சொல்லப் போறன். நல்லா இருந்தால் நல்லா எண்டு சொல்லுவன்."

"அப்ப தாராளமாப் புகழுங்கோ. நாவூறு பட்டால் நான் கழிக்கிறன். செத்தல் மிளகாய் வீட்டில கிடக்கு."

போன வருடம் மழை. இந்த வருடம் அதற்கு எதிர்மாறு. வெயிலும் காற்றும். பாதி ஓட்டங்கள் முடிவதற்குள் பாதை காய்ந்து, வெளிப்பக்க மண் வெறும் தூளாகிவிட்டது. நாலு வீரர்களும் உட்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவராகப் போனார்கள். முந்துவதற்கு இடமே இல்லை. பெரிய பெயராக விளம்பரம் செய்திருந்த ஒரு வீரரும் காயம் என்று வரவில்லை. சனம் முணுமுணுக்கத் தொடங்கியது.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் துளசியின் குரல் கேட்டது. பாதையைத் திருத்தப் போகிறோம், நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

விசிலடித்தார்கள். ஒரு பக்கத்தில் தொடங்கி மைதானம் முழுக்கச் சுற்றி வந்தது. என் பின்னால் நின்ற ஒருவர், "ரக்ரர் பாக்கவோ இவ்வளவு தூரம் கார் ஓடி வந்தது?" என்றார். அவருக்கு நான் யாரென்று தெரியாது. எனக்கும் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல, துளசி மேல். இருக்கிற கொஞ்சப் பெயரையும் ஏன் இவள் கெடுத்துக்கொள்கிறாள் என்று. உள்ளதைச் சொல்வதானால், அடுத்த பகிடிகூட என் வாயில் ஊறத் தொடங்கியிருந்தது.

அவள் செம்மஞ்சள் அங்கியோடு பாதைக்குள் இறங்கி நடந்து வந்தாள். வளைவில் நின்று குதிக்காலால் மண்ணை அழுத்திப் பார்த்தாள். தண்ணீர் வண்டிக்கு இன்னொரு சுற்று என்று கைகாட்டினாள். விசில் இன்னும் கூடியது. அவள் தலை நிமிரவில்லை. அடுத்த வளைவுக்குப் போனாள். அங்கேயும் அழுத்திப் பார்த்தாள்.

பிறகு நாலு பேர் வந்து நின்றார்கள். தொடக்க நாடா மேலே போனது.

பௌதிகம் படித்தவனுக்கு அது விளங்கும். வெளிக்கோடு நீளம் கூடியது. ஆனால் அங்கே சக்கரம் மண்ணைக் கவ்வினால், உள்ளே போகிறவன் வேகத்தைக் குறைக்கிற இடத்தில் வெளியே போகிறவன் குறைக்க வேண்டியதில்லை. ஈர மண் கவ்வியது. முதல் வளைவிலேயே நாலு பேர் நாலு கோட்டில் போனார்கள். இரண்டாவது வளைவில் இடம் மாறினார்கள். திரும்பவும் மாறினார்கள். விசிலடித்த சனம் எழுந்து நின்றது. அதற்குப் பிறகு ஒருவரும் உட்காரவில்லை.

இறுதி ஓட்டத்தில் மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒரு செக் நாட்டு இளைஞன் கடைசியாகப் புறப்பட்டான். முதற்சுற்றிலும் கடைசி. இரண்டாவது சுற்றில் ஒருவனை உட்பக்கத்தால் முந்தினான். மூன்றாவதில் மற்ற இருவரும் அவனுக்குக் கதவைச் சாத்தினார்கள். கடைசி வளைவில் அவன் வேலியோரம் போனான். வேலியோரம் என்றால், முழங்கை பலகையில் படுகிற தூரம். எங்கள் முகத்தில் மண் வந்து அறைந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது அவன் இருவரையும் ஒரே வீச்சில் கடந்து கோட்டைத் தாண்டியிருந்தான்.

நான் கத்திக்கொண்டிருந்தேன். எந்த மொழியில் என்று தெரியாது. குன்ரர் என் தோளைப் பிடித்திருந்த பிடி இரண்டு நாள் நொந்தது.

என் முறை

மேசையில் அந்த அரைமணி நேர ரக்ரரைப் பற்றித்தான் சண்டை.

என் பக்கத்தில் செந்தில் இருந்தான். கோயம்புத்தூர்க்காரன். கார்ல்ஸ்ரூஹேயில் படித்துவிட்டு இந்தப் பக்கம் கணினி வேலைக்கு வந்தவன். மேசைக்கு ஜேர்மனில் தன் வாதத்தைச் சொல்லிவிட்டு, எனக்குத் தமிழில் திரும்பச் சொன்னான்.

"டோட்டலா பாத்தா இருபது நிமிஷம்தாங்க அங்கிள் ரேசிங். பாக்கி ஃபுல்லா டிராக்டர் ஷோ. அதுல இன்டர்வெல் வேற. வேல்யூ ஃபார் மனி எங்கீங்க இருக்கு?"

"தம்பி, கலியாண வீட்டுக்குப் போறனீர் தானே. தாலி கட்ட எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"அது... ஒரு நிமிஷம்."

"மிச்ச நேரம் என்ன செய்யிறனீர்?"

"சாப்பாடுங்க," என்றான். பிறகு சிரித்தான். "சரி, பாயிண்ட்தான்."

பிர்கிற் என் பெயரைக் கூப்பிட்டாள். மேசை முன்கூட்டியே புன்னகைத்தது. கிழங்குக்காரர் பேசப்போகிறார்.

"போன வருசம் இந்த மேசையில நான் பொய் சொன்னனான்," என்றேன்.

புன்னகைகள் நின்றன.

"எங்கட ஆக்களில தாய் தகப்பன் சபையில பிள்ளையைப் புகழக்கூடாது. குறைச்சுத்தான் சொல்ல வேணும். அது உங்களுக்குத் தெரியாது, அது உங்கட பிழையில்லை. அந்தக் கிழங்குக் கதை நீங்கள் சிரிக்கவேணும் எண்டு சொன்னது. அது முழுக்க என்ர பிழை. போன வருசமும் நல்ல போட்டிதான்."

சொற்களைத் தேடித் தேடிச் சொன்னேன். பாராட்டுகிற ஜேர்மன் எனக்கு அப்போதும் தடங்கியது.

"இண்டைக்கு ரக்ரர் ஓடேக்க நானும் உங்களை மாதிரிக் கோவப்பட்டனான். அந்த அரை மணித்தியாலம் இல்லாட்டி கடைசி ஓட்டம் ஊர்வலமாத்தான் போயிருக்கும். இவ்வளவு சனமும் விசிலடிக்கேக்க, நிப்பாட்டினதை நிப்பாட்டினபடி வைச்சிருக்க ஒரு நெஞ்சுரம் வேணும். பெரிய பெயர் ஒண்டு வரேல்லை, உண்மை. வந்த ஆக்களுக்கு முந்த இடம் இருந்தது. இந்த மைதானத்தில நான் பாத்ததில ஆகத் திறமான போட்டி இதுதான். செய்தது என்ர மகள்."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது காது சுட்டது. சொல்லி முடித்தேன். கூடாரம் இடிந்து விழவில்லை.

குன்ரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "தகப்பன் மகளைப் புகழுறதை எல்லாம் கணக்கில எடுக்கேலாது, சிவா."

"போன வருசம் தகப்பன் சொன்னது எண்டுதானே கணக்கில எடுத்தனாங்கள்," என்றாள் பிர்கிற். "நீயும் தானே."

குன்ரர் கிளாசைப் பார்த்தார். நுரையில் கிடந்த தூளை விரலால் ஒதுக்கினார். 

"அந்த மஞ்சள் பெடியன் போன கோடு," என்றார் கடைசியில், "ரக்ரருக்கு முந்தி அந்தக் கோடு அங்க இருக்கேல்லை. அது உண்மை."

"அப்ப கேக்கிறன்," என்றாள் பிர்கிற். "இது பெரிய போட்டியோ?"

முதலில் தட்டியவர் குன்ரர். பிறகு செந்தில், இரண்டு கையாலும். பிறகு யார் தட்டினார், யார் தட்டவில்லை என்று பார்க்க முடியவில்லை. கிளாஸ்கள் துள்ளின. ஒன்று விழுந்து உருண்டு போனது, ஒருவரும் எடுக்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்து நிர்வாகக் குழுவின் தலைவர் எழுந்து, சத்தம் அடங்கும்வரை நின்றார். அடங்கவில்லை. அதற்கு மேலால் கத்தினார்.

"அடுத்த வருசப் போட்டியும் எங்களுக்குத்தான். துளசிதான் நடத்துவாள்."

அந்த நேரம் துளசி உள்ளே வந்தாள். தலையிலிருந்து சப்பாத்துவரை ஒரே நிறம், ஓடுபாதையின் நிறம். மேசைகள் இடிபடுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"என்னப்பா சொன்னனீங்கள்?" குரலில் சந்தேகம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

"உங்கப்பா இன்னைக்கு ஃபுல் ஃபார்ம்ங்க," என்றான் செந்தில்.

ஜேர்மனில் சொன்னது ஒருவிதத்தில் சுலபம். அது எனக்கு இடையில் வந்த மொழி, அதில் வெட்கமும் அரைவாசிதான். இப்போது தமிழில் சொல்ல வேண்டும், அதுவும் அவள் முகத்தைப் பார்த்து. அவள் பிறந்த நாளிலிருந்து அவளுக்கு முன்னால் நான் அப்படி ஒரு வசனம் சொன்னதாக நினைவில்லை. முதல் வகுப்பில் தேறியபோதும் "கவனமாப் படி" என்றுதான் சொன்னேன்.

"நல்லாச் செய்தனி பிள்ளை," என்றேன். "ஆகத் திறமாச் செய்தனி."

அவள் பதிலுக்குக் கழிப்பாள் என்று காத்திருந்தேன். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். இல்லையப்பா, பிழை கனக்க விட்டிட்டன், காற்று உதவினது, ஆக்கள் உதவினவை, அப்படி ஏதாவது.

துளசி முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். மண்ணுக்குள்ளிருந்து பல் வெளிச்சமாகத் தெரிந்தது.

"ஓமப்பா," என்றாள். "நல்லாத்தான் செய்தனான்."

பிறகு குன்ரரின் கையிலிருந்த கிளாசை வாங்கி, தூளோடு சேர்த்து, ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.